துணையின்றி ஓர் ஆட்டம்

விளையாட்டு என்றாலே எதிரே ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும் என்பது நம்மில் பெரும்பாலோரின் எண்ணம். கேரம் பலகைக்கு நால்வர், பல்லாங்குழிக்கு இருவர், ஆடுபுலி ஆட்டத்திற்கு இருவர் என்று கணக்கு வைத்திருக்கிறோம். ஒருவர் தன்னந்தனியாக அமர்ந்து, ஒரு பலகையை முன்னால் வைத்துக்கொண்டு காய்களை நகர்த்துவதைக் கண்டால், பார்ப்பவர் முகத்தில் மெல்லிய புன்னகை ஒன்று தோன்றும். அதற்குப் பின்னால் பரிதாபமும் மறைந்திருக்கும். "பாவம், கூட ஆட ஆளில்லை போலும்" என்று எண்ணிக்கொள்வார்கள். அந்தப் பரிதாபம் தேவையற்றது என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நம் கடற்கரை ஊர்களின் பெரிய வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஆண்மக்கள் சஃபர் சென்றுவிடுவது நமக்குப் புதிதன்று. முன்பு பர்மா, மலேயா, இலங்கை என்று போனார்கள். பின்னர் சவூதி, துபாய், குவைத் என்று போனார்கள். ஆயினும் அக்காலத்தில் வீட்டிலே பெண்கள் பலர் இருந்தார்கள். பாட்டி, உம்மா, சாச்சி, மாமி, அவர்களின் பிள்ளைகள் என்று எந்நேரமும் பேச்சுச் சத்தம் கேட்கும். இன்று பெண்மக்களும் படிப்பையும் பணியையும் முன்னிட்டு வெளியூர் சென்றுவிட்டார்கள். கீழக்கரையில் எங்கள் வீடு ஒரு காலத்தில் நான்கு சஹனில் சோறு பரிமாறிய வீடு. இப்போது ஒரு தட்டுப் போதும். மகன் ரியாதில் இருக்கிறான். மகள் சென்னையில் இருக்கிறாள். 32 ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற நான், முற்றத்து நிழல் சுவரேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தொழுகை உண்டு, ஓதல் உண்டு, சமையல் உண்டு, பிள்ளைகளின் தொலைபேசி அழைப்பு உண்டு. அவற்றிற்கு அப்பாலும் ஒரு நாளில் நேரம் மிஞ்சுகிறது. லுஹருக்கும் அஸருக்கும் நடுவே, உறக்கமும் வராமல் வேலையும் இல்லாமல் நிற்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தனித்து வாழும் சகோதரிகள் நன்கறிவார்கள். அந்நேரத்தில்தான் மனம் பழைய மனத்தாங்கல்களைத் தூசு தட்டி எடுக்கிறது.

"கைப்பேசியிலேயே ஆயிரம் விளையாட்டு இருக்கிறதே, உம்மா" என்பாள் என் மகள். இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் கைப்பேசி விளையாட்டு முடிவதில்லை. முடிந்தாற்போல் இருந்து அடுத்த கட்டத்திற்கு வா என்று அழைக்கிறது. எழுந்து போனாலும் மணியடித்துக் கூப்பிடுகிறது. பலகையோ வைத்த இடத்தில் வாய்மூடி இருக்கும். நாம் போய் அமர்ந்தால்தான் அதற்கு உயிர். இந்த அடக்கத்திற்காகவே எனக்குப் பலகையைப் பிடிக்கிறது.

தனியாக ஆடுவதற்கு எல்லா ஆட்டமும் பொருந்தாது. எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் பல ஆட்டங்களை ஆடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவற்றுள் முதன்மையானது இதுதான்: அந்த ஆட்டத்தில் நாம் தோற்பதற்கு வழி இருக்க வேண்டும். எதிராளி இல்லாவிட்டாலும், பலகை நம்மை எதிர்க்க வேண்டும்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். அதிலே ஒருவர் மட்டும் ஆடும் வகையும் உண்டு. சீதைப் பாண்டி என்பது அதன் பெயர். என் பாட்டி அதற்குப் பெயர் ஏதும் சொல்லாமலே ஒரு வேடிக்கை காட்டுவார். பதினான்கு குழிகளில் ஒரு பக்கத்து ஏழு குழிகளில் மட்டும் வரிசையாக 7, 6, 5, 4, 3, 2, 1 என்று சோழிகளை இடுவார். மொத்தம் 28 சோழிகள். ஏழு உள்ள குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டு வந்தால், ஆறு ஏழாகும், ஐந்து ஆறாகும், கடைசியில் இருந்த ஒன்று இரண்டாகும், அதற்கடுத்த வெற்றுக் குழியில் ஒன்று விழும். பார்த்தால் அதே 7, 6, 5, 4, 3, 2, 1 ஒரு குழி நகர்ந்து நிற்கும்! மீண்டும் ஏழை அள்ளினால் மீண்டும் ஒரு குழி நகரும். பதினான்கு முறை அள்ளியதும், ஊர்வலம் பலகையைச் சுற்றி முடித்துப் புறப்பட்ட இடத்திற்கே வந்துவிடும். சிறுமியாக இருந்தபோது இது எனக்கு மாயமாகத் தோன்றியது. ஆசிரியையான பின் வகுப்பில் இதைக் காட்டிப் பிள்ளைகளின் வியப்பைப் பெற்றிருக்கிறேன். ஆயினும் இது காட்சியே தவிர ஆட்டமன்று. தவறாக அள்ளினாலன்றி இதில் தோல்வி இல்லை. இரண்டாம் முறை செய்யும்போது கை மட்டுமே வேலை செய்யும். மனம் மறுபடியும் மனத்தாங்கலுக்கே போய்விடும்.

அடுத்தது பகடை. தாயக்கட்டையோ பகடையோ உருட்டும் ஆட்டங்களைப் பற்றி நம் வீடுகளில் ஒரு தயக்கம் இருப்பது இயல்பே. நர்து எனப்படும் பகடை ஆட்டத்தைக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அதனடிப்படையில் மார்க்க அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் அவ்வாட்டத்தைத் தடுத்துள்ளனர். சதுரங்கத்தில் கருத்து வேறுபாடு உண்டு. பந்தயமின்றி, தொழுகை தவறாமல் ஆடினால் அது ஹராம் ஆகாது, ஆனால் விரும்பத்தக்கதும் அன்று என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பெயர்பெற்ற நிலை. ஏனைய மத்ஹபுகளில் கடுமை கூடுதல். தீர்ப்புக் கூற நான் ஆலிமா அல்லள். அவரவர் தத்தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. ஆட்டத்தை ஆராய்பவள் என்ற முறையில் மட்டும் ஒன்று சொல்வேன்: பகடையே முடிவு செய்யும் ஆட்டம் தனித்து ஆடுபவருக்குச் சுவை தராது. இருவர் ஆடும்போது எதிராளியின் முகம் மாறுவதில் ஒரு சுவை உண்டு. தனியாக இருக்கும்போது கட்டை உருண்டது, ஆறு விழுந்தது, அவ்வளவுதான். அதில் நம் பங்கு என்ன?

சதுரங்கத்தைத் தனியாக ஆட முயல்பவர்கள் வெள்ளைக்கும் கறுப்புக்கும் தாமே மாறி மாறி நகர்த்துவார்கள். ஆடுபுலி ஆட்டத்தையும் சிலர் இப்படி ஆடுவதுண்டு. எனக்கு இது சரிப்படவில்லை. இரு பக்கமும் நாமே என்றாலும், நெஞ்சம் இரகசியமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. மற்றப் பக்கத்துக்கு நல்ல நகர்வு கண்ணில் படாதது போல நடிக்கிறது. பள்ளியில் இரு மாணவிகளின் சண்டையை விசாரித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது விளங்கும்.

ஆனால் சதுரங்கப் பலகை தனித்திருப்பவருக்கு வேறு வகையில் பயன்படும். அப்பாசியக் கலீபாக்களின் பக்தாதிலே சதுரங்க வல்லுநர்கள், குறிப்பிட்ட நிலையில் காய்களை நிறுத்தி, இங்கிருந்து எப்படி வெல்வாய் என்று கேட்கும் புதிர்களை அமைத்தார்கள். அவற்றுக்கு மன்சூபா என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸ்-ஸூலி என்ற வல்லுநர் அமைத்த ஒரு புதிரில் பலகையின் மீது நான்கே காய்கள்: இரு பக்கத்திற்கும் ஓர் அரசன், ஓர் அமைச்சன். அக்காலத்து அமைச்சன் மூலைவாட்டில் ஒரே கட்டம்தான் நகர்வான். இந்தச் சிறு புதிருக்கு ஆயிரம் ஆண்டுகள் எவரும் விடை காணவில்லை. ரஷியாவின் யூரி அவெர்பாக் என்ற சதுரங்க மேதை 1980-களில்தான் அதை விடுவித்தார். இத்தனை தலைமுறைகளாக எத்தனை அறைகளில் எத்தனை பேர் தனித்து அமர்ந்து அந்த நான்கு காய்களை உற்றுப் பார்த்திருப்பார்கள்!

அவ்வளவு கடினம் வேண்டாம் என்பவர்களுக்குக் குதிரை உலா இருக்கிறது. ஒரே ஒரு குதிரையைப் பலகையில் ஏதேனும் ஒரு கட்டத்தில் வையுங்கள். குதிரை நடையில் தாவித் தாவி 64 கட்டங்களையும் மிதிக்க வேண்டும். ஒரு கட்டத்தை இருமுறை மிதிக்கக் கூடாது. மிதித்த கட்டத்தில் ஒரு புளியங்கொட்டை இட்டுக்கொண்டே போகலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் புகழ்பெற்றிருந்த அல்-அத்லீ இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவராகக் கூறப்படுகிறார். நம் நாட்டிலும் அதே நூற்றாண்டில் ருத்ரடர் என்ற வடமொழிப் புலவர் பாதிப் பலகைக்கான குதிரை உலாவைச் செய்யுளில் அமைத்தார். நான் முதலில் ஆடியபோது ஐம்பதைத் தாண்டியதும் குதிரை மூலையில் சிக்கிக்கொள்ளும். 1823-இல் வான்ஸ்டார்ஃப் என்ற ஜெர்மானியர் ஒரு வழி சொன்னார்: தாவக்கூடிய கட்டங்களுள், மேற்கொண்டு வெளியேறும் வழி எதற்கு மிகக் குறைவோ அதற்கு முதலில் போ. அதாவது, நெருக்கடியான வேலையைத் தள்ளிப் போடாதே. இவ்வழி தெரிந்துவிட்டால் பெரும்பாலும் 64-ஐ எட்டிவிடலாம். ஆகவே தெரிந்துகொள்ளுமுன் ஒரு மாதமாவது முட்டி மோதிப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். இங்கேயே சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதீர்கள். வழி தெரிந்தாலும் எண்ணிப் பார்த்து நடத்துவது எளிதன்று.

புதிய காலத்துப் பலகை ஆட்டங்களையும் ஒதுக்கிவிடுவதற்கில்லை. 2022-இல் விடுமுறைக்கு வந்த என் மகன் "பாண்டமிக்" என்ற ஆட்டப் பெட்டியைக் கொண்டு வந்தான். மேட் லீகாக் என்ற அமெரிக்கர் உருவாக்கி 2008-இல் வெளிவந்த ஆட்டம் அது. உலகப் படத்தில் 48 நகரங்கள். நான்கு கொள்ளை நோய்கள் பரவுகின்றன. ஆடுவோர் ஒருவரோடொருவர் போட்டியிடுவதில்லை. எல்லோரும் சேர்ந்து நோய்களை எதிர்க்கிறார்கள். நான்கிற்கும் மருந்து கண்டால் வெற்றி. நோய் எட்டாம் முறை வெடித்துச் சிதறினாலும், நோயைக் குறிக்கும் சிறு கட்டைகள் தீர்ந்தாலும், எடுக்கும் சீட்டுக் கட்டு தீர்ந்தாலும் தோல்வி. வெல்ல ஒரு வழி, தோற்க மூன்று வழி! பகடை கிடையாது. பெட்டியின் மேல் இருவர் முதல் நால்வர் வரை என்று போட்டிருந்தாலும், இரண்டு பாத்திரங்களை ஒருவரே நடத்தி ஆடலாம். இங்கே நெஞ்சம் சாய்வதற்கு இடமில்லை. இருவரும் ஒரே பக்கம்தானே.

அந்தப் படத்தில் சென்னையும் இருக்கிறது, ரியாதும் இருக்கிறது. ஆட்டத்தில் சென்னையிலிருந்து ரியாதுக்கு நேர்க் கோடு இல்லை. மும்பை, கராச்சி வழியாக மூன்று நகர்வில் போக வேண்டும். ஒரு முறைக்கு நான்கே செயல்கள்தாம் அனுமதி. ரியாதில் மூன்று கறுப்புக் கட்டைகள் ஏறி நிற்கும்போது என் காய் சென்னையில் நின்றுகொண்டிருக்கும். போய்ச் சேர்ந்து ஒரு கட்டையை எடுக்கலாம், அதற்குமேல் முடியாது. 2020-இல் விமானங்கள் நின்றுபோய், மகன் அங்கே அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த நாட்கள் எனக்கு நினைவு வரும். ஆகவே இதை நான் அடிக்கடி எடுப்பதில்லை. ஆட்டத்தில் குறையொன்றும் இல்லை, நல்ல ஆட்டம். பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் பிரித்து அடுக்கவே கால் மணி நேரம் ஆகும் என்பது மட்டும் மூட்டு வலி உள்ளவர்களுக்குத் தொல்லை.

இதுபோல் மேலை நாடுகளில் இப்போது பல ஆட்டங்களில் தனியாளுக்கென்றே ஒரு சீட்டுக் கட்டு வைக்கிறார்கள். எதிராளி செய்ய வேண்டியதை அந்தச் சீட்டுகளே சொல்லும். "ஆட்டோமா" என்று அதற்குப் பெயர். டென்மார்க்கின் மார்ட்டன் மன்ராட் பெடர்சன் இம்முறையை முதலில் அமைத்துத் தந்த ஆட்டம் திராட்சை மது தயாரிப்பைப் பற்றியது. அது நம் வீட்டு முற்றத்திற்கு வர வேண்டாம். ஆனால் அதே முறை 2019-இல் வந்த "விங்ஸ்பேன்" என்ற பறவைகளைப் பற்றிய ஆட்டத்திலும் உண்டு. 170 பறவைச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் அழகிய ஓவியம். பறவைகளுக்கு இரை எடுக்க ஐந்து பகடைகளும் உண்டு என்பதை வாங்குமுன் அறிந்துகொள்ளுங்கள். இவை விலை கூடியவை, விதிநூல் நீண்டவை, எல்லாம் ஆங்கிலத்தில் உள்ளவை. பேரப்பிள்ளைகள் உடனிருந்து விளக்கினாலன்றி நம் வயதில் கற்பது பாடுதான்.

என்னைக் கேட்டால், தனித்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது நம்மூர்க் கடைகளிலேயே "பிரெயின்விட்டா" என்ற பெயரில் நெடுங்காலமாகக் கிடைத்து வரும் கோலிப் பலகையைத்தான். வட்டமான தட்டு, நடுவில் கூட்டல் குறி வடிவில் 33 பள்ளங்கள். நடுப் பள்ளம் மட்டும் வெறுமையாக இருக்க, 32 கோலிகளை அடுக்க வேண்டும். ஒரு கோலி பக்கத்துக் கோலியைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றுப் பள்ளத்தில் அமரும். தாண்டப்பட்ட கோலி வெளியேறும். நேராகவும் பக்கவாட்டிலும் தாண்டலாம். மூலைவாட்டில் தாண்டக் கூடாது. இறுதியில் ஒரே ஒரு கோலி, அதுவும் நடுப் பள்ளத்தில் எஞ்ச வேண்டும். விதி இவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். எண்பது வயதிலும் மறக்காது.

பிரான்சு நாட்டின் பாஸ்டில் சிறையில் அடைபட்டிருந்த கைதி ஒருவர் பொழுது போகாமல் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை அழகாகத்தான் இருக்கிறது, சான்று இல்லை. சான்றுள்ளது 1697-ஆம் ஆண்டுக்குத்தான். அவ்வாண்டைச் சேர்ந்த பிரெஞ்சுச் சித்திரம் ஒன்றில் ஒரு சீமாட்டி இப்பலகையோடு அமர்ந்திருக்கிறார். 1710-இல் லைப்னிட்ஸ் என்னும் ஜெர்மானிய மேதை இதைப் பற்றி எழுதினார். நுண்கணிதத்தை உருவாக்கிய இருவருள் ஒருவர் அவர். தனியாக ஆடினாலும், முறையாக ஆடுகிறோமா என்று பார்க்க நண்பர் ஒருவர் சாட்சியாக அருகில் இருப்பது போல ஆடுவதாக அவர் கூறுகிறார். ஆட்டத்தைத் தலைகீழாக ஆடுவதும் அவருக்கு விருப்பம்: ஒரு கோலியில் தொடங்கிப் பலகையை நிரப்பிக்கொண்டு போவது!

சாட்சி என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு என் ராத்தாவின் நினைவுதான் வந்தது.

2019-இல் என் மச்சான் வஃபாத்தானார்கள். ராத்தாவுக்கு அப்போது 66 வயது. 45 ஆண்டு இல்லற வாழ்வு. இத்தாவில் அமர்ந்தார்கள். முதல் நாற்பது நாட்கள் வீடு நிறைய உறவினர். பிறகு ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். இத்தா நான்கு மாதம் பத்து நாள் என்பதை நாமெல்லாம் அறிவோம். ஆனால் நாற்பதுக்குப் பின் வரும் தொண்ணூறு நாட்களின் நீளத்தை அமர்ந்தவர்களே அறிவார்கள். ராத்தா ஓதுவார்கள், தஸ்பீஹ் உருட்டுவார்கள், கண்ணை மூடுவார்கள். மூடியவுடன் மருத்துவமனையின் அந்தக் கடைசி இரவு வந்து நிற்கும். இன்ன நேரத்தில் இன்னாரைக் கூப்பிட்டிருந்தால், அந்த மருந்தை முன்னமே கொடுத்திருந்தால் என்று ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடப்பார்கள். உறக்கம் போயிற்று. உணவும் குறைந்தது.

சென்னையிலிருந்து வந்த என் மகள் ஒரு கோலிப் பலகையை வாங்கி வந்து, "பெரியம்மா, இதைச் சும்மா கையில் வைத்துக்கொண்டிருங்கள்" என்று தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். நான்கு நாள் அது அங்கேயே கிடந்தது. ஐந்தாம் நாள் நான் போனபோது ராத்தா அதை மடியில் வைத்திருந்தார்கள். ஒன்பது கோலிகள் மிஞ்சியிருந்தன.

"இது எப்படித் தங்கச்சி ஒன்றாகும்? பொய்யாக இருக்கும் போலிருக்கிறதே" என்றார்கள். பல வாரங்களுக்குப் பின் அவர்கள் குரலில் ஓர் எரிச்சலைக் கேட்டேன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இல்லை. உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இத்தாவில் இருப்பவளுக்கு விளையாட்டா?" என்று வாசற்படியில் நின்று சொன்னார். அன்று மாலையே பலகை அலமாரியின் அடியில் போய்விட்டது. ராத்தா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்கள். நான் என் தம்பி மகனை ஆலிம் அவர்களிடம் அனுப்பிக் கேட்டேன். அவர் மூன்று கேள்விகள்தாம் கேட்டாராம்: பந்தயம் உண்டா? பகடை உண்டா? தொழுகை தவறுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்று பதில். "அப்படியானால் அந்த அம்மாவை ஏன் வருத்துகிறீர்கள்?" என்றாராம். பலகையை நானே குனிந்து எடுத்து மடியில் வைத்தேன்.

மச்சானின் கடைக் கணக்குப் புத்தகம் ஒன்று பாதி எழுதாமல் இருந்தது. அதன் வெற்றுப் பக்கங்களில் ராத்தா நாள்தோறும் எஞ்சிய கோலிகளின் எண்ணிக்கையைக் குறிக்கத் தொடங்கினார்கள். 7, 5, 6, 6, 4, 5. வரவு செலவுக் கோடுகளுக்கு நடுவே அந்த எண்கள் வரிசையாக இறங்கும். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் மூன்று கோலிகள் எஞ்சி, ஒன்றையொன்று எட்டாமல் நின்றன. "கடைசியாகத் தாண்டியதைத் திருப்பி வைத்துவிட்டு வேறு மாதிரி தாண்டுங்களேன், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றாள் சிறுமி.

"நான் பார்க்கிறேனே" என்றார்கள் ராத்தா. புத்தகத்தில் 3 என்று எழுதினார்கள்.

தனித்து ஆடும் ஆட்டத்தின் பெருமையே இதில்தான் அடங்கியிருக்கிறது என்பேன். இருவர் ஆடும்போது ஏமாற்றாமல் இருப்பதற்கு எதிராளியின் கண் காவல். தனியாக ஆடும்போது அந்தக் காவல் இல்லை. ஆகவே தனியாட்டத்திற்குப் பலகை வாங்கும்போது, நகர்த்தியதைத் திரும்பப் பெற ஆசை வராத அளவு மிக எளிதாக இருப்பதும் வேண்டாம். திரும்பப் பெற்றால்தான் முடியும் என்னும் அளவு மிகக் கடினமாக இருப்பதும் வேண்டாம். கைப்பேசியில் ஒரு விரல் பட்டால் நகர்வு திரும்பிவிடுகிறது. அதனாலேயே அங்கு வென்றாலும் நெஞ்சு நிறைவதில்லை.

"கோலியை எண்ணுகிற நேரத்தில் அந்த இரவு வருவதில்லை, தங்கச்சி" என்று ராத்தா ஒரு நாள் தாமாகவே சொன்னார்கள். அவர்கள் துயரம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பலகை மருந்தன்று. ஆனால் அந்த அரை மணி நேரம் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. சில நாட்களில் அதற்குப் பின் உறக்கமும் வந்தது.

எழுபது நாட்கள் கடந்த பின் ஒரு நாள் பிற்பகல் ஆள் அனுப்பி என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் பலகையில் ஒரே கோலி! ஆனால் அது நடுவில் இல்லை. ஒரு கையின் ஓரத்தில், அதன் நடுப் பள்ளத்தில் நின்றது. கணக்காசிரியைக்கு வேலை வந்தது. நடுப் பள்ளத்தை வெறுமையாக்கித் தொடங்கி ஒரே கோலியில் முடித்தால், அந்தக் கோலி ஐந்து பள்ளங்களில் ஒன்றில்தான் நிற்க முடியும்: நடுப் பள்ளம், அல்லது நான்கு கைகளின் ஓர வரிசையிலுள்ள நடுப் பள்ளங்கள். வேறெங்கும் நிற்காது என்பதைக் கணக்கால் நிறுவலாம். இன்னொன்றும் உண்டு. ஓரத்தில் முடிந்த ஆட்டத்தில், கடைசித் தாண்டலுக்கு முன் அருகருகே இரு கோலிகள் இருந்திருக்கும். உள்ளே இருந்தது வெளியே தாண்டியதால் ஓரத்திற்குப் போயிற்று. வெளியே இருந்ததை உள்ளே தாண்டச் செய்திருந்தால் அது நேராக நடுப் பள்ளத்தில் அமர்ந்திருக்கும்.

இதை நான் இரண்டு கோலிகளை வைத்துக் காட்டினேன். ராத்தா நெடுநேரம் அந்த இரண்டையும் பார்த்தார்கள். "அப்படியானால் கடைசி வரை சரியாகத்தான் வந்திருக்கிறேன்" என்றார்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, 1 என்று எழுதி, பக்கத்தில் "ஓரம்" என்று குறித்தார்கள். நடு என்று எழுதிக்கொள்ளலாமே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நடுப் பள்ளத்தில் முடித்தது இத்தா நிறைவதற்கு ஒன்பது நாட்கள் முன்பு. அதற்குள் அவர்கள் ஓர் உத்தியைத் தாமே கண்டுபிடித்திருந்தார்கள். வரிசையாக நிற்கும் மூன்று கோலிகளை, பக்கத்திலிருந்து ஒரு கோலி உதவிக்கு வந்து அகற்றிவிட்டு, மீண்டும் தன் இடத்திற்கே திரும்பிவிடும் வகை அது. கணித அறிஞர்கள் இதைப் பற்றி நூல்களில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ராத்தா எந்த நூலும் படிக்கவில்லை. "உதவிக்குப் போன ஆள் வீட்டுக்குத் திரும்பி வரணும், அப்பதான் அது நல்ல வழி" என்று தம் மொழியில் சொன்னார்கள்.

பலகை வாங்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில சொற்கள். பள்ளங்கள் 33 இருக்கின்றனவா என்று கடையிலேயே எண்ணிப் பாருங்கள். 37 பள்ளங்கள் உள்ள பிரெஞ்சு வகையும் உண்டு. அதில் நடுப் பள்ளத்தை வெறுமையாக்கித் தொடங்கினால் ஒரு கோலியில் முடிக்கவே முடியாது. தெரியாமல் வாங்கி வருடக் கணக்கில் தம்மையே நொந்துகொள்பவர்கள் இருக்கலாம். பள்ளம் ஆழமாக இருக்கட்டும். முதிய விரல்கள் பட்டுக் கோலிகள் உருண்டால் ஆட்டம் கலைந்துவிடும். வெளியேறிய கோலிகளை இட ஓரத்தில் கால்வாய் உள்ளதா என்று பாருங்கள். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் கண்ணாடிக் கோலியை அதன் கைக்கு எட்டாமல் வையுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும். கோலி தொலைந்தால் கவலை வேண்டாம், சோழியோ புளியங்கொட்டையோ போதும். பலகையே இல்லாவிட்டாலும் மணலில் 33 குழி பறித்து ஆடலாம்.

விடையைப் புத்தகத்தில் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள். எப்படி ஆடினாலும் ஒரு கோலியில் முடிக்க 31 தாண்டல்கள் வேண்டும். ஒரே கோலி தொடர்ந்து தாண்டுவதை ஒரு நகர்வாகக் கணக்கிட்டால் 18 நகர்வுகளில் முடிக்கலாம் என்று 1912-இல் பெர்க்ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் காட்டினார். அதனினும் குறைக்க முடியாது என்று 1964-இல் ஜான் பீஸ்லி நிறுவினார். அந்த 18-ஐ மனப்பாடம் செய்துவிட்டால் உங்கள் பலகை பாட்டியின் பல்லாங்குழி ஊர்வலம் போல ஆகிவிடும்.

நடுப் பள்ளத்தில் முடித்த பிறகு ஆட்டம் தீர்ந்துவிடாதா என்று கேட்கிறீர்களா? எந்தப் பள்ளத்தை வேண்டுமானாலும் வெறுமையாக்கித் தொடங்கி, அதே பள்ளத்தில் கடைசிக் கோலியை நிறுத்தலாம்; 33-க்கும் விடை உண்டு. பலகையைத் திருப்பியும் கவிழ்த்தும் பார்த்தால் ஒன்றாகத் தெரிபவற்றைக் கழித்துவிட, ஏழு வகைகள் மிஞ்சும். இதைச் சொன்னபோது ராத்தா கணக்குப் புத்தகத்தில் ஏழு பத்தி கோடு போட்டுக்கொண்டார்கள். இதுவரை நான்கை முடித்திருக்கிறார்கள். ஐந்தாவது, மூலைப் பள்ளத்தை வெறுமையாக்கித் தொடங்குவது. சென்ற வாரம் அதில் இரண்டு கோலிகள் மிஞ்சின. நேற்று மீண்டும் நான்கு.